தனக்கு மிஞ்சினால்தான் தானமா?

கேள்வி:

எனக்கு வயது 38. திருமணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தியானக் கூட்டத்தில் ஆண்டவர் என்னைத் தொட்டார். இனி அரைகுறையாக வாழக் கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிக்கிறேன். தேவை என்று வருகிறவர்களிடம் நான் இல்லை என்று சொல்வதில்லை. போன மாதம் எங்கள் சபையில் ஒரு சகோதரிக்கு அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் எடுத்து நான் கொடுத்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று எனக்குத் தெரியும். பத்து நாள் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இப்படி நடப்பது மூன்றாவது முறை. “தனக்கு மிஞ்சித்தான் தானம். விசுவாசம் வேறு, குடும்பம் நடத்துவது வேறு” என்கிறாள். இரண்டு வாரமாக வீட்டில் சரியான பேச்சு இல்லை. நான் மதிக்கும் ஒரு மூப்பரும் “கொஞ்சம் நடைமுறையாக யோசியுங்கள் தம்பி” என்றார். அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் நடைமுறையாகவா யோசித்தார்? ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்டபோது கணக்குப் பார்த்தாளா? நான் என் இலட்சியத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது மனைவியின் அவிசுவாசத்தைப் பொறுத்துக்கொண்டு போக வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

கர்த்தருக்குள் பிரியமான சகோதரருக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் உங்கள்மேல் அன்புதான் வந்தது. ஆண்டவருக்காக முழுதாக வாழ வேண்டும் என்கிற தாகம் எல்லாருக்கும் வந்துவிடுவதில்லை. வந்தவர்களில் பலருக்கு இரண்டு வருடத்தில் தணிந்தும் போகிறது. உங்களுக்கு மூன்று வருடமாக அது எரிந்துகொண்டிருக்கிறது. அதை அணைக்கும்படி நான் சொல்லப் போவதில்லை.

கொடுத்த பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக வருத்தப்படாதீர்கள், திருப்பியும் கேட்காதீர்கள். ஒரு உயிர் ஆபத்தில் இருந்தது, உங்கள் கையில் பணம் இருந்தது, கொடுத்தீர்கள். பள்ளிக் கட்டணத்துக்கு வேறு வழி தேடலாம். தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம், நெருங்கிய உறவினரிடம் மனம்விட்டுப் பேசலாம். அது தீரக்கூடிய பிரச்சினைதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: “சொன்னால் தடுப்பாள் என்று எனக்குத் தெரியும்.”

தெரியுமா? மூன்று முறையில் ஒரு முறையாவது கேட்டுப் பார்த்தீர்களா? அந்தச் சகோதரியின் நிலைமையை விவரித்து, “நாம் என்ன செய்யலாம்?” என்று மனைவியிடம் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது இப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்காமலேயே அவர்களுக்கு “அவிசுவாசி” என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அவர்கள் இரண்டு வாரமாகப் பேசாமல் இருப்பது பணத்துக்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் ஊழியத்துக்கு வந்த புதிது. எங்களுக்கு இருந்தது இரண்டே அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் ஒரு மனிதர் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லை, தங்க இடமில்லை, உடம்பும் சரியில்லை. “அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்” என்கிற வசனத்தை அன்று காலையில்தான் பிரசங்கித்திருந்தேன். அங்கேயே அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். அடுத்த ஞாயிறு ஒருவர் சாட்சி சொல்லும்போது எங்கள் போதகர் எப்படிப்பட்டவர் தெரியுமா என்று இதை எடுத்துச் சொன்னார். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். இரவு ஜெபக் கூட்டம் முடிந்து பதினோரு மணிக்கு வீடு திரும்புகிறேன். பின்பக்கம் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், அந்த மனிதருடைய படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். அவருக்கு அன்று வயிற்றுப்போக்கு. ஒரு கை இடுப்பைத் தாங்கியிருக்கிறது, மறு கையில் முழங்கை வரை நுரை. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “நீங்கள் கொடுத்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் கொடுத்ததை யாராவது என்னிடம் கேட்டார்களா?”

நான் உடனே, “சரி, அவரை நாளைக்கே வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறேன்” என்றேன். அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. “அனுப்பச் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கொடுத்திருப்பேனே” என்றாள்.

அன்று இரவு வெகுநேரம் பேசினோம். அந்த மனிதர் மேலும் நான்கு மாதம் எங்களோடுதான் இருந்தார். ஆனால் ஏற்பாடு மாறியது. சபையில் இரண்டு குடும்பங்கள் முறைபோட்டுக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தன. துணி துவைப்பது என் வேலையானது. ஒரு இளைஞன் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான். தனியாக நான் தலையில் தூக்கி வைத்திருந்தால் ஐந்தாவது வாரத்தில் ஏதாவது காரணம் சொல்லி அவரை அனுப்பியிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜார்ஜ் முல்லரைக் கேட்டிருந்தீர்கள். அவர் பெயரைச் சொல்லி நடைமுறையை ஒதுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தேவையை மனிதரிடம் சொல்லாமல் தேவனிடம் மட்டுமே கேட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அதில் சந்தேகமில்லை. ஆனால் 1830இல் நிலையான சம்பளம் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது அவருக்குக் கல்யாணமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. உள்ளதை விற்றுத் தருமம் கொடுங்கள் என்கிற வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் கிருபை தனக்கும் தன் மனைவிக்கும் கிடைத்தது என்றுதான் அவர் எழுதி வைத்திருக்கிறார். மேரி அம்மையார் பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்த விஷயம் அல்ல அது. இருவரும் சேர்ந்து நடந்த பாதை.

அப்புறம், முல்லர் கணக்குப் பார்த்தாரா என்றால், மிகக் கண்டிப்பாகப் பார்த்தார். வந்ததையும் செலவானதையும் எழுதி வைத்தார், வருடந்தோறும் கணக்கோடு அறிக்கை அச்சிட்டார். கடன் வாங்க மறுத்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்சன் தெருவில் வாடகை வீடுகளில் அவர் இல்லம் நடந்துகொண்டிருந்தபோது, 1845இல் அக்கம்பக்கத்தார் ஒரு புகார் சொன்னார்கள். பிள்ளைகள் விளையாடும் சத்தம் தாங்கவில்லை, இத்தனை பேருக்கு அந்தத் தெருவின் சாக்கடை போதவில்லை என்று. “தேவனுடைய வேலையைத் தடுக்கிறீர்களா?” என்று அவர் அவர்கள்மேல் பாய்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அந்தப் புகாரில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டு, ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுனில் சொந்தக் கட்டடம் கட்ட ஜெபிக்க ஆரம்பித்தார். போதிய பணம் கையில் சேரும்வரை கட்டட வேலையைத் தொடங்கவில்லை. 1847இல் வேலை ஆரம்பித்து, 1849இல் பிள்ளைகள் குடிபோனார்கள். விசுவாச வீரர் என்று நாம் கொண்டாடுகிற மனிதர், சாக்கடையைப் பற்றி வந்த புகாரிலும் தேவனுடைய வழிநடத்துதலைப் பார்த்திருக்கிறார். உங்கள் மனைவியின் கோபத்தையும் அப்படி ஒரு தரம் கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

நடைமுறை என்றாலே விசுவாசத்தில் ஒரு படி இறக்கம் என்ற எண்ணம் நம் சபைகளில் ஊறிப்போயிருக்கிறது. சுவிசேஷங்களைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. யவீருவின் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை உயிரோடு எழுகிறாள். சுற்றி நிற்பவர்கள் பிரமித்துப்போய் நிற்கிறார்கள். இயேசு என்ன சொல்கிறார்? அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். பெற்ற தாய் தகப்பனுக்கே அந்த நேரத்தில் தோன்றாத ஒன்று. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த நாளிலும், முதலில் நூறுநூறு பேராகவும் ஐம்பதைம்பது பேராகவும் வரிசையாக உட்கார வைக்கிறார்கள். முடிந்ததும் ஒன்றும் வீணாகாதபடி மீதியைச் சேர்க்கச் சொல்கிறார். அப்பத்தைப் பெருகச் செய்கிறவருக்கு மிச்சத் துண்டுகள் எதற்கு? அவர் அவைகளையும் அப்படியே விட்டுவிடவில்லை.

சீஷர்களிடம் ஒரு பணப்பை இருந்ததை யோவான் எழுதியிருக்கிறார். கடைசி இராப்போஜனத்தில் யூதாஸ் எழுந்து வெளியே போனபோது, பண்டிகைக்கு வேண்டியதை வாங்கவோ ஏழைகளுக்கு ஏதாவது கொடுக்கவோ போகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்களாம். வீட்டுச் செலவும் தருமமும் ஒரே பையிலிருந்துதான் அங்கே போயிருக்கின்றன. “நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்” என்று சொன்னவரின் கூட்டத்தில் ஒரு பை இருந்தது, அதைச் சுமக்க ஒரு ஆளும் இருந்தார். அந்த வசனம் கவலையைத்தான் விலக்குகிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் அவரேதான்.

இன்னொரு பகுதியையும் நீங்கள் படிக்க வேண்டும். மனது வலிக்கும், ஆனாலும் படியுங்கள். மாற்கு ஏழாம் அதிகாரம். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பெற்றோரைத் தாங்கும் கடமை தீர்ந்துவிட்டதாக அன்றைக்குச் சிலர் நினைத்தார்கள். இயேசு அதைக் கடுமையாகக் கண்டித்தார். காணிக்கை என்று பெயர் சூட்டியதால் அந்தப் பணத்தின்மேல் பெற்றோருக்கு இருந்த உரிமை மறைந்துவிடாது. உங்கள் பிள்ளைகளின் கட்டணப் பணமும் ஏறக்குறைய அப்படித்தான். அது உங்களுடையது மட்டும் அல்ல. நீங்களும் மனைவியும் மாதாமாதம் எதையோ குறைத்துக்கொண்டு ஒதுக்கி வைத்தது, பிள்ளைகளுக்கென்று பேசி வைத்தது. விதவை போட்ட இரண்டு காசு அவளுடைய ஜீவனத்துக்கு இருந்தது. உங்கள் இலட்சியத்துக்கு உங்கள் மனைவியும் பிள்ளைகளும் விலை கொடுக்கிறார்கள், அதுவும் அவர்களுக்குத் தெரியாமலே. இலட்சியம் உண்மையானதா என்று பார்க்க நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இதற்கு யார் விலை கொடுக்கிறார்?

சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோது இயேசு தம் தாயைப் பார்த்தார், அருகே நின்ற சீஷனைப் பார்த்தார். “அதோ, உன் தாய்” என்றார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவர்களைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். உலகம் முழுவதற்காகவும் தம்மைக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மணி நேரத்தில், பெற்ற தாய் நாளை எங்கே தங்குவாள் என்பதையும் அவர் கவனித்தார். இந்த இடத்தை எப்போது வாசித்தாலும் மேற்கொண்டு வாசிக்க முடியாமல் சிறிது நேரம் நிறுத்திவிடுகிறேன்.

இதுவரை உங்களிடம் பேசினேன். இந்தப் பதிலை உங்கள் மனைவியும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஆகவே அவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும்.

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் “தனக்கு மிஞ்சித்தான் தானம்” என்கிற பழமொழியை இயேசுவின் வாயில் வைக்க முடியாது. மிஞ்சியதைக் கொடுத்த ஐசுவரியவான்களை அவர் பார்த்தார், மிஞ்சாததைக் கொடுத்தவளைத்தான் மெச்சினார். மிஞ்சுகிற நாளுக்குக் காத்திருந்தால் அந்த நாள் வராது. பிள்ளைகள் படித்து முடிக்கட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், கல்யாணங்கள் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் கொடுக்கும் பழக்கமே கைவிட்டுப்போனவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் பொறுப்பானவர்கள். இயேசு சொன்ன உவமையில் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சொன்ன சாக்குகளைப் பாருங்கள். வயல் வாங்கியிருக்கிறேன், ஏர்மாடு வாங்கியிருக்கிறேன், பெண்ணை விவாகம்பண்ணியிருக்கிறேன். ஒன்றுகூடப் பாவமான காரியம் இல்லை. எல்லாம் நடைமுறைதான். விருந்துக்கு மட்டும் யாரும் வரவில்லை.

பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலக் குப்பியை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றியபோதும் நடைமுறை பேசினார்கள். முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று. ஒரு பணம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி, முந்நூறு என்றால் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பாத்தியம். அவர்கள் சொன்னது கணக்குப்படி சரிதான். இயேசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அவர் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள்: “இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்.” நமக்கு வீண்செலவாகத் தெரிந்தது, அவர் பார்வையில் அவளால் இயன்றது. உங்கள் கணவரின் இருதயத்தில் அந்தப் பெண்ணுடைய ஏதோ ஒன்று இருக்கிறது. அதைக் கோபத்தில் நசுக்கிவிடாதீர்கள். அது போய்விட்டால் பணம் மிஞ்சும், ஆனால் நீங்கள் நேசிக்கிற மனிதர் மிஞ்ச மாட்டார்.

சரி, இப்போது நான்கு மணி ஜெபத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லைதான். ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள்: “காலையில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன்.” அடித்த பிறகும் படிக்க முடிந்தது. மன்னியுங்கள், அதை நான் விட முடியாது.

நான்கு மணிக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்குப் படுக்கலாம் என்றால் பிரச்சினையே இல்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து, பிள்ளைகளின் பாடம் பார்த்து, பதினொன்றரைக்குப் படுக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். நாலரை மணி நேரத் தூக்கத்தில் மூன்று வருடம் என்றால் உடம்பு அதை எங்காவது வசூலித்தே தீரும். உங்கள் வீட்டில் அது காலை ஏழு மணிக்குக் காலுறையைக் காணவில்லை என்று நிற்கும் பிள்ளையிடம் வசூலாகிறது.

இக்னேஷியஸ் லொயோலா என்பவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இயேசு சபையை நிறுவியவர். 1522இல் மன்ரேசா என்னும் ஊரில் கடுமையான தவத்தில் இருந்தார். இரவில் படுக்கப் போனதும் அவருக்கு அற்புதமான ஆவிக்குரிய வெளிச்சங்களும் ஆறுதல்களும் வர ஆரம்பித்தன. ஏற்கெனவே குறைவாக ஒதுக்கியிருந்த தூக்கமும் போயிற்று. தேவனோடு பேசுவதற்கென்று இத்தனை மணி நேரம் தனியாக ஒதுக்கியிருக்கிறேனே, இது ஏன் தூங்கும் நேரத்தில் வருகிறது என்று அவர் யோசித்தார். இது நல்ல ஆவியிடமிருந்துதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் அவைகளை விட்டுவிட்டுத் தூங்குவதே சரி என்று முடிவு செய்து தூங்கினார். பரலோகத்திலிருந்து வந்ததுபோல் தோன்றியதையும் ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போக அவருக்குத் துணிவு இருந்தது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான்.

யாக்கோபு சொன்ன ஒரு பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். ஏசாவோடு ஒப்புரவான பிறகு, சேர்ந்தே பிரயாணம் போகலாம் வா என்று அண்ணன் கூப்பிடுகிறான். பிள்ளைகள் இளம்பிள்ளைகள், கறவை ஆடுமாடுகள் கூட இருக்கின்றன, ஒரு நாள் வேகமாய் ஓட்டினாலும் மந்தையெல்லாம் செத்துப்போகும் என்கிறான் தம்பி. நீர் முன்னே போம், நான் பிள்ளைகளின் கால்நடைக்குத் தக்கபடி மெதுவாய் வருகிறேன் என்கிறான். ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட், மடத்தின் தலைவர் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் இடத்தில் இந்த வசனத்தைத்தான் எடுக்கிறார். பலமுள்ளவர்கள் ஏங்குவதற்கு ஏதாவது இருக்க வேண்டும், பலவீனர்கள் மிரண்டு ஓடும்படி எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கே இப்படி என்றால், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட நடந்து வருகிற உங்களுக்கு எப்படி இருக்க வேண்டும்?

அவருக்கும் முன்னே எகிப்து வனாந்தரத்தில் அந்தோணியார் என்னும் துறவி இருந்தார். ஒரு சமயம் மூத்த துறவிகள் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்து, எந்தப் புண்ணியம் ஒரு மனிதனைக் கடைசிவரை விழாமல் காக்கும் என்று விடிய விடியப் பேசினார்களாம். உபவாசம் என்றார் ஒருவர், உடைமைகளைத் துறப்பது என்றார் இன்னொருவர், தனிமை என்றும் பிறருக்கு உதவுவது என்றும் சிலர் சொன்னார்கள். அந்தோணியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவை எல்லாம் தேவைதான், ஆனால் அடுத்த நாள் சாப்பாட்டுக்குக்கூட வைத்துக்கொள்ளாமல் கொடுத்தவர்களும் விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோமே என்றார். அவர்களுக்குக் குறைந்தது பகுத்தறிதல் என்றார். எதை, எப்போது, எந்த அளவில் என்று ஆவியில் நிதானிக்கிற அறிவு. இதை ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன் என்னும் துறவி எழுதி வைத்திருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முந்திய மனிதர்களின் பேச்சு உங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதைப் போலவே இருக்கிறது.

ஆகவே என்ன செய்யலாம்? முதலில் மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். கொடுத்ததற்காக வேண்டாம், மறைத்ததற்காகக் கேளுங்கள். “ஆனாலும் அந்தச் சகோதரியின் நிலைமை...” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த “ஆனாலும்” வந்தால் அது மன்னிப்பாக இருக்காது. அவர்கள் கோபத்தைச் சொல்லி முடிக்கட்டும்.

பிறகு ஒரு நாள் சாவகாசமாக இருவரும் உட்கார்ந்து, மாத வருமானத்தில் கொடுப்பதற்கென்று ஒரு பங்கை முதலிலேயே பிரித்து வையுங்கள். மிஞ்சிய பிறகு கொடுப்பது வேண்டாம், வாங்கியவுடன் பிரித்துவிடுங்கள். அளவை உங்கள் மனைவி சொல்லட்டும். நீங்கள் நினைப்பதைவிடக் கூடவே சொல்வார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் பங்கிலிருந்து யாருக்குக் கொடுத்தாலும் நீங்கள் அவர்களிடம் கணக்குச் சொல்ல வேண்டாம், அவர்களும் கேட்க வேண்டாம். அதற்கு மேலே போகும் எதுவும் இருவர் சம்மதத்தோடு நடக்கட்டும். உயிர் ஆபத்தாக இருந்தால் தவிர, ஒரு இரவு கடந்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு மனவிருப்பமிருந்தால் “அவனிடத்தில் இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பது நோக்கமல்ல என்றும் அடுத்த வரியிலேயே சொல்கிறார். தாராளமாய்க் கொடுங்கள் என்று கேட்கிற அதே கடிதத்தில்தான் இதுவும் இருக்கிறது.

பெரிய தேவை வரும்போது தனியாகத் தூக்காதீர்கள். போன மாதம் நீங்கள் சபையில் இன்னும் ஆறு பேரிடம் சொல்லியிருந்தால் பணமும் கிடைத்திருக்கும், அந்த ஆறு பேரும் கொடுத்த சந்தோஷத்தை அனுபவித்திருப்பார்கள். பிறர் கொடுக்க வேண்டிய இடத்தையும் நாமே நிரப்பிவிடுவது, வெளியே தியாகமாகத் தெரிந்தாலும், கொஞ்சம் சுயநலமாகவும் ஆகிவிடலாம். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது.

ஜெபத்தை ஆறு மாதத்துக்கு அரை மணி நேரமாக்குங்கள். ஐந்தரைக்கு எழுந்தால் போதும். அது உங்களுக்குத் தோல்வியாகத் தோன்றும். முதல் வாரம் குற்ற உணர்வாகக்கூட இருக்கும். அதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள். ஏழு மணிக்குப் பிள்ளை காலுறையைக் காணோம் என்று வந்து நிற்கும்போது, உட்கார்ந்து கூடவே தேடுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் மனைவியைத் தூங்கவிட்டு, அன்றைக்கு வேண்டுமானால் நீங்கள் இரண்டு மணி நேரம் ஜெபியுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். அந்தச் சகோதரியின் அறுவை சிகிச்சை எப்படி நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் சண்டை நடக்கும்போது மனம் அதற்குள்ளேயே சுற்றும். ஆனால் போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. இந்த வாரம் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தன் பிள்ளைகளின் பணம் யாரிடம் போனது என்று அவர்களுக்கு இன்னும் ஒரு முகம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரட்டும். பிறகு எனக்கு எழுதுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
ஒரு போதகர், குடும்ப ஆலோசகர்